சிவசுப்பிரமணியன் பெயரில் எத்தனை எழுத்து?

பெயர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்து அச்சிடுவது எந்த நிரல்மொழியிலும் முதல் வாரத்துப் பாடம். சி மொழியில் அதை எழுதுபவர், பெயருக்கு 20 எழுத்து தாராளம் என்று மனக்கணக்குப் போட்டு, ஸ்டிரிங்கின் (எழுத்துத் தொடரின்) முடிவைக் காட்டும் சுழியத்துக்கு ஓர் இடத்தையும் சேர்த்து, 21 இடமுள்ள ஒரு கேரக்டர் வரிசையை ஒதுக்குவார். ஆங்கிலப் பெயர்கள் வரும்வரை அந்தக் கணக்கில் பிழை தெரியாது. ‘சிவசுப்பிரமணியன்’ என்று யாராவது தமிழில் தட்டச்சு செய்தால் நிலைமை மாறிவிடும். விரல்விட்டு எண்ணினால் அந்தப் பெயரில் 10 எழுத்துதான் இருக்கிறது. ஆனால் நீளத்தைக் கேட்டால், அதை அளக்கும் ஸ்டர்லென் என்ற செயலி 48 என்று விடை சொல்லும். சுழியத்தையும் சேர்த்தால் 49 பைட் (நினைவக இடத்தின் சிறு அலகு). நகலெடுக்கும் செயலியான ஸ்டர்காப்பி அத்தனையையும் 21 பைட் இடத்தில் கொட்டும்போது, மிஞ்சிய 28 பைட்டும் பக்கத்தில் இருக்கும் வேறு எதன்மீதோ போய் விழும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த நிரல் எந்தத் தடையும் இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறிவிட்டது என்பதுதான். பெயர் நிரல் ஓடும்போதுதான் வருகிறது. கம்பைலருக்கு அதன் நீளம் தெரிய வழியில்லை. இரண்டு பக்கமும் கேரக்டர் வகைதானா என்பதை மட்டும் பார்த்து அது கையெழுத்துப் போட்டுவிடுகிறது. கம்பைல் செய்யப்படும் மொழிகளில் அன்றாடச் சிக்கலைத் தீர்க்க உட்காரும்போது, தவறு எந்தக் கட்டத்தில் வெளிப்படும் என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. சில தவறுகளைக் கம்பைலரே தடுத்து நிறுத்துகிறது. சில தவறுகள் ஓடும்போது வெடிக்கின்றன. மற்றவை எங்குமே வெடிக்காமல், பிழையான விடையைப் பிழையற்ற தோற்றத்தில் தந்துவிட்டுப் போகின்றன. தமிழ் எழுத்தைக் கையாளும் நிரல்களில் இந்த மூன்றாம் வகையே மிகுதி என்பதால், அவற்றை வைத்தே இதை விளக்கலாம்.

48 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியின் கையில் உருவானபோது, எழுத்து என்றால் ஆங்கிலத்துக்கான ஆஸ்கி குறியாக்கத்தின் எழுத்துதான். ஆஸ்கியில் மொத்தமே 128 குறிகள் இருந்தன. ஒரு பைட்டில் ஓர் எழுத்து வசதியாக அடங்கியது. அதனால் ‘கேரக்டர்’ என்ற பெயர் பைட்டுக்கே வைக்கப்பட்டது. உலக மொழிகள் அனைத்தையும் அடக்கும் நோக்கத்தோடு யூனிகோட் 1991-இல் வெளிவந்தபோது ஒரு பைட் போதாமல் போனது. அடுத்த ஆண்டு, 1992 செப்டம்பரில், கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையை வகுத்தார்கள். ஆஸ்கி எழுத்துகள் அந்த முறையில் முன்போலவே ஒரு பைட்டில் இருக்கும். மற்ற எழுத்துகள் 2 முதல் 4 பைட் வரை எடுத்துக்கொள்ளும். வேறு எந்த எழுத்தின் நடுவிலும் சுழிய பைட் வராது. பழைய சி நிரல்கள் ஒரு வரிகூட மாறாமல் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அவை இன்றும் ஓடுகின்றன. ஸ்டர்லென் நம் தமிழ்ப் பெயரைப் பார்த்து முறையிடாமல் 48 என்று சொல்வதும் அந்த ஏற்பாட்டின் விளைவுதான்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரையிலான எண்கள். இந்த எண்களில் எதை எடுத்தாலும் யுடிஎஃப்-8-இல் சரியாக 3 பைட் ஆகும். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். த 2980, ம 2990, இகரக் கொக்கி 3007, ழ 2996, புள்ளி 3021 என ஐந்து குறியெண்கள் (யூனிகோட் தந்த எண்கள்) அதில் இருக்கின்றன. பைட்டாக எழுதினால் த என்பது 224, 174, 164. புள்ளி என்பது 224, 175, 141. எந்தத் தமிழ்க் குறியும் 224-இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வந்து, பிறகு மூன்றாவது பைட்டில்தான் பெரும்பாலும் தன் அடையாளத்தைக் காட்டும். ஆக ‘தமிழ்’ என்பது 15 பைட், 5 குறியெண், 3 எழுத்து. சிவசுப்பிரமணியன் 48 பைட், 16 குறியெண், 10 எழுத்து. நீளம் என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கின்றன, மூன்றும் சரி. எந்த வேலைக்கு எந்த விடை என்பதில்தான் நிரலாளர்கள் வழுக்குகிறார்கள்.

இந்த 5-க்கும் 3-க்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம், யூனிகோட் தமிழை அடுக்கிய முறை. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியாக்கத்தைப் பின்பற்றி, அகரமேறிய ‘க’ அடிப்படை எழுத்தாகவும், ‘க்’ என்பது க-வோடு புள்ளி சேர்ந்த கூட்டாகவும் அதில் வைக்கப்பட்டன. நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதன்மேல் உயிர் ஏறியே க ஆகிறது. கணினி இதைத் தலைகீழாக்கிக்கொண்டதால், அரை மாத்திரை ஒலிக்கும் ‘க்’ 6 பைட் எடுத்துக்கொள்ள, ஒரு மாத்திரை ஒலிக்கும் ‘க’ 3 பைட்டில் முடிந்துவிடுகிறது. இலக்கண ஆசிரியர் யாரும் இதை ரசிக்க மாட்டார் என்றாலும், அமைப்பு இதுதான் என்று ஏற்றுக்கொண்டு நிரல் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் சிக்கலுக்குத் திரும்புவோம். ஸ்டர்காப்பியை விட்டுவிட்டு, இடத்தின் அளவைச் சொல்லி எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் போன்ற ஒன்றைப் பயன்படுத்தினால் நினைவகம் சிதையாது. அது 20 பைட்டோடு நிறுத்திக்கொண்டு 21-ஆவதாகச் சுழியத்தை வைக்கும். ஆனால் 20 என்பது 3-ஆல் வகுபடாத எண். முதல் 18 பைட்டில் ஆறு குறியெண்கள் அடங்கும்; அவை ‘சிவசுப’ வரை வரும். மிச்சம் இருக்கும் இரண்டு பைட்டுகள், அடுத்து வரவேண்டிய புள்ளியின் முதல் இரண்டு துண்டுகளான 224-உம் 175-உம். திரையில் அவை கேள்விக்குறி பதித்த கறுப்புச் சாய்சதுரமாகத் தெரியும். தரவுதளம் போஸ்ட்கிரெஸ் என்றால், குறியாக்கம் செல்லாது என்று சொல்லி அந்த வரியை ஏற்கவே மறுத்துவிடும். தவறு நடந்த இடம் ஒன்று, முறையீடு வரும் இடம் வேறொன்று. பிழையைத் தேடுபவர் தரவுதள அமைப்புகளைக் குடைந்துகொண்டிருப்பார்.

இதைத் தீர்க்கப் பலரும் முதலில் செய்வது, வெட்டும் இடத்தில் இருந்து பின்னால் நகர்வது. யுடிஎஃப்-8-இல் ஓர் எழுத்தின் தொடர் பைட்டுகள் எல்லாம் 128-க்கும் 191-க்கும் இடையிலேயே இருக்கும். தொடக்க பைட் ஒருபோதும் அந்த எல்லைக்குள் வராது. எனவே வெட்டப்போகும் இடத்தில் நிற்கும் பைட் அந்த எல்லைக்குள் இருக்கும்வரை ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினால் போதும். 0-விலிருந்து எண்ணினால் 20-ஆம் இடத்தில் 141, 19-இல் 175, 18-இல் 224. அங்கே நின்று வெட்டினால் 18 பைட் கிடைக்கும், சாய்சதுரமும் மறைந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சி மொழியின் கேரக்டர் வகைக்குக் கூட்டல் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதை அந்த மொழியின் தரநிலை கம்பைலர்களிடமே விட்டிருக்கிறது. நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலும் குறி உண்டு. எனவே அங்கே 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். 128-க்கு மேல் உள்ளதா என்ற ஒப்பீடு எப்போதும் பொய்யாகும். கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சில்லுக்கான லினக்ஸ் கம்பைலரில் அதே வரி சரியாக வேலை செய்யும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற வாக்குவாதங்களில் சிலவற்றுக்கு இதுவே வேர். ஒப்பிடும் முன் பைட்டைக் குறியற்ற கேரக்டராக மாற்றிக்கொள்வது கட்டாயம்.

ஆனால் 18 பைட்டில் கிடைத்த ‘சிவசுப’ சரியா? செல்லுபடியாகும் யூனிகோட் என்ற அளவில் சரி. தமிழாகப் பார்த்தால் தவறு. பெயரில் இருந்தது ‘ப்’. வெட்டியதில் புள்ளி கழன்று விழுந்து அது ‘ப’ ஆகிவிட்டது. மெய் உயிர்மெய்யாகிவிட்டதை எந்தக் கம்பைலரும் எந்தத் தரவுதளமும் கண்டுபிடிக்காது. அச்சிட்ட அட்டையைக் கையில் வாங்கியவர்தான் கண்டுபிடிப்பார். புள்ளி விழுந்த, கொம்பு இழந்த பெயர்களோடு அச்சாகி வந்த அடையாள அட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே இன்னும் ஓர் அடி பின்வாங்க வேண்டும். வெட்டும் இடத்துக்கு அடுத்துத் தொடங்கும் குறியெண் 3006 முதல் 3021 வரையிலோ, 3031 ஆகவோ இருந்தால் அது தனித்து நிற்க முடியாத குறி. முன்னே உள்ள எழுத்தோடு ஒட்டியது. அந்த எழுத்தையும் சேர்த்து விட்டுவிட்டால் 15 பைட்டில் ‘சிவசு’ என்று சுத்தமாக நிற்கும். எழுத்தை எண்ணுவதற்கும் இதே விதி போதும்: இந்த எல்லைக்குள் வராத ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் ஒரு புதிய எழுத்தின் தொடக்கம். பத்து வரிக்குள் அடங்கும் இந்தச் சிறு செயலி தமிழைத் தொடும் எந்தச் சி நிரலுக்கும் உதவும்.

சி மொழியை விட்டு வந்தால் நிலைமை மேம்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. கோ மொழியை 2009-இல் கூகுள் வெளியிட்டது. அதை வடிவமைத்த மூவரில் இருவர் யுடிஎஃப்-8-ஐ வகுத்த அதே தாம்சனும் பைக்கும். எனினும் அந்த மொழியில் ஸ்டிரிங்கின் நீளத்தைக் கேட்டால் பைட் கணக்கே வருகிறது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ரேஞ்ச் சுற்றில் விட்டால் மட்டும் குறியெண் குறியெண்ணாகப் பிரித்துத் தரும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அந்தச் சுற்றின் இட எண்கள் 0, 3, 6, 9, 12 என்று தாவுவதைப் பார்த்துத் திகைக்காத புதியவர் குறைவு. முதல் 20 பைட்டை வெட்டு என்றால் கோ மறுபேச்சின்றி வெட்டித் தந்துவிடும். அரை எழுத்தையும் ஏற்றுக்கொள்வதில் அது சி மொழியின் பிள்ளைதான். ஆனால் இடம் தாண்டி எழுத மட்டும் விடாது.

2015-இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ரஸ்ட் இந்த விஷயத்தில் கறாரானது. ஒரு ஸ்டிரிங்கின் 0-ஆவது உறுப்பைக் கொடு என்று எழுதினால் நிரல் கம்பைல் ஆகாது. இந்த வகையை எண்ணால் சுட்ட முடியாது என்று கம்பைலர் மறுத்துவிடும். வேறு மொழியில் இருந்து வருபவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் ‘முதல் எழுத்து’ என்று சொல்லும்போது பைட்டைக் கேட்கிறீர்களா, குறியெண்ணைக் கேட்கிறீர்களா என்று கம்பைலர் திருப்பிக் கேட்கும் கேள்வி அது. ‘தமிழ்’ சொல்லில் 0 முதல் 4 வரையிலான பைட்டுகளை வெட்டச் சொன்னால் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போதுதான், 4-ஆம் பைட் எழுத்தின் எல்லை அல்ல, அது 3 முதல் 6 வரை நீளும் ‘ம’வுக்குள் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டிவிட்டு நிரல் நின்றுவிடும். சி நினைவகத்தைச் சிதைக்கும் இடத்தில், கோ அரை எழுத்தைத் தரும் இடத்தில், ரஸ்ட் நின்றுவிடுகிறது. நிற்பதே மேல் என்பது என் கருத்து. பாதி இரவில் நின்றுபோன சேவையைத் தூக்கி நிறுத்தியவர்கள் இதற்கு உடன்படாமலும் போகலாம்.

ஆனால் ரஸ்டும் கண்டுபிடிக்காத தவறு ஒன்று உண்டு. சொல்லைத் திருப்பிப் போடுவது நேர்காணல்களில் கேட்டுத் தேய்ந்த கணக்கு. ரஸ்டில் குறியெண்களை எடுத்து, வரிசையை மாற்றி, மீண்டும் சேர்ப்பது ஒரே வரி. ‘தமிழ்’ என்ற சொல்லை அந்த வரியில் விட்டால் புள்ளி முதலில் வரும். பிறகு ழ, கொக்கி, ம, த. கொக்கி ம-வை விட்டு ழ-வைப் பற்றிக்கொள்ளும். திரையில் ஒரு வெற்று வட்டத்தின்மேல் தனியே ஒரு புள்ளி, அதன்பின் ‘ழிமத’. வகைகள் எல்லாம் சரி, எல்லைகள் எல்லாம் சரி, நினைவகம் பத்திரம். விடை மட்டும் தவறு. வரவேண்டியது ‘ழ்மித’. கம்பைலருக்குத் தெரிந்தது வகை. ‘மி’ ஓரெழுத்து என்பது அதற்குத் தெரியாது. யூனிகோட் அமைப்பு இதற்காக எழுத்துக்கொத்து என்ற கருத்தையும், அதன் எல்லைகளைக் காணும் விதிகளையும் வெளியிட்டிருக்கிறது. அவற்றைச் செயல்படுத்தும் நூலகம் ரஸ்டுக்கும் கோவுக்கும் தனியே கிடைக்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி அந்த விதியையே அடிப்படையாக எடுத்துக்கொண்டதால், அங்கே ‘தமிழ்’ சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் நேராக 3 என்று வரும். அந்த விதிகளும் தமிழ் மரபோடு முழுக்கப் பொருந்துவன அல்ல. அரிச்சுவடியில் ஓரெழுத்தாக நிற்கும் ‘க்ஷ’ அங்கே க், ஷ என இரண்டு. சொல்விளையாட்டு நிரல் எழுதுபவருக்கு இது தலைவலி. பெயரை வெட்டுபவருக்குப் பொருட்டில்லை.

மொழி வடிவமைப்பில் தமிழ் எங்கே இடறுகிறது என்பதற்குக் கோ மொழியில் இன்னொரு சான்று உண்டு. மாறிகளுக்கு யூனிகோட் எழுத்துகளில் பெயர் வைக்கலாம் என்று அந்த மொழி தாராளமாகச் சொல்கிறது. ஆனால் எழுத்து என்ற வகையைச் சேர்ந்த குறியெண்களையும் எண்களையும் மட்டுமே அது ஏற்கும்; கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் அந்த வகையில் இல்லை. எனவே ‘வயது’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் உகரக் குறியில் கம்பைலர் நின்றுவிடும். குறி எதுவும் இல்லாத சொற்களாகத் தேடித் தேடி வைத்துக்கொள்ளலாம். அப்படித் தேறும் சொற்கள் தமிழில் எத்தனை என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். ரஸ்ட் 2021-இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து குறிகளோடு கூடிய பெயர்களையும் அனுமதிக்கிறது.

இரண்டு சொற்கள் ஒன்றுதானா என்ற கேள்வி இன்னும் வழுக்கலானது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியான 3018 ஒன்றே சேரலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014-உம் கால் 3006-உம் தனித்தனியே சேரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சி, கோ, ரஸ்ட் மூன்றும் பைட்டை ஒப்பிட்டு ‘வேறு’ என்று சொல்லும். சேமிக்கும் முன் யூனிகோடின் இயல்பாக்கத்தில் ஒருமுறை போட்டு எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதற்குப் பிறகும் மறையாதது மனிதர் செய்யும் மாற்றம். ஔகாரத்தைத் தட்டத் தெரியாமல் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிய ஆவணங்கள் ஏராளம். அதுவும் ‘ஔவையார்’ என்பதும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குறியெண்ணில் வேறு சொற்கள். எந்த இயல்பாக்க விதியும் அவற்றை இணைக்காது. கண்மூடித்தனமாக ‘ஒள’வை ‘ஔ’ ஆக்கினால் ‘ஒளி’ என்ற சொல் சிதைந்துவிடும். ள-வை அடுத்துக் குறியேதும் வராவிட்டால் மட்டும் மாற்றலாம் என்று வைத்தாலும் எல்லா இடத்திலும் அது சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. தேடும்போது இரு வடிவங்களையும் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு.

கடைசியாக அகரவரிசை. பைட்டை வைத்து வரிசைப்படுத்தினால் யூனிகோட் எண்ணின் வரிசைதான் கிடைக்கும். அந்த வரிசையில் ந-வை அடுத்து ன வருகிறது. ர-வை அடுத்து ற. ல, ள, ழ, வ என்று அடுத்தடுத்து வரும். நம் வரிசையிலோ ற-வும் ன-வும் கடைசி. எனவே ‘அப்பர்’ முன்னே வரவேண்டிய இடத்தில் ‘அன்பு’ வந்து நிற்கும்; ‘வழி’க்கு முன்பே ‘வள்ளி’ வந்துவிடும். புள்ளியின் எண் ம போன்ற எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் ‘அகம்’ என்பதற்கு முன்னே இருக்கும் ‘அக்கா’ பின்னே தள்ளப்படும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. பட்டியல் ஒழுங்காக இருப்பதுபோலவே இருக்கும்.

யூனிகோட் கூட்டமைப்பின் வரிசை விதிகளைச் செயல்படுத்தும் ஐசியு நூலகத்தில் தமிழுக்கான வரிசையும் உண்டு. பெரிய மென்பொருளுக்கு அதுவே உரியது. சிறு கருவிக்கு அவ்வளவு பாரம் தேவையில்லை என்றால் நாமே செய்யலாம். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண் கொடுக்க வேண்டும். முதல் எண் மெய்யின் இடம்: க் 1, ங் 2 என்று தொடங்கி ன் 18 வரை. இரண்டாவது எண் உயிரின் இடம்: புள்ளி இருந்தால் 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று ஔகாரம் 12 வரை. தனி உயிருக்கு மெய்யின் இடத்தில் 0. ‘அக்கா’வின் இரண்டாம் எழுத்து 1, 0, ‘அக’த்தின் இரண்டாம் எழுத்து 1, 1. வரிசை தானாகவே சரியாகிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சி மொழியில் வரிசைப்படுத்தும் செயலியான கியூசார்ட்டுக்கு ஒப்பீட்டுச் செயலியை எழுதிக் கொடுக்கும்போது இந்தப் பிரிப்பை அதற்குள் வைத்தால், ஒரு லட்சம் பெயர்களுக்கு 15, 16 லட்சம் ஒப்பீடுகள் நடக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்களைப் பிரித்தாக வேண்டும். வரிசைப்படுத்தத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பெயருக்கும் எண்கோவையை ஒருமுறை ஆக்கி அருகில் வைத்துக்கொண்டால், பிரிப்பது ஒரு லட்சம் தடவையோடு முடிந்துவிடும்.